லவ்வெந்தூரா: அன்னா என்ன ஆனாள் என்று சொல்லாமல் விட்டதில் என்ன கலை?

இடைவேளை கேட்டது:

இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவ்வெந்தூரா’ (1960) பற்றி ஒரு கேள்வி. 143 நிமிஷப் படம். அரை மணி நேரத்துக்குள் அன்னா தீவில் காணாமல் போகிறாள். அப்புறம் படத்தின் முதல் மணி நேரம் முடியும்வரை பாறையில் ஏறி இறங்கி அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். போகப்போகத் தேடலே மறந்துபோய், அவளுடைய காதலன் சாண்ட்ரோவும் தோழி கிளவ்தியாவும் ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள். கடைசிவரை விடை கிடையாது.

பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இதற்குக் கூச்சல் போட்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் இதுவே உலகத்தின் இரண்டாவது சிறந்த படம் என்று விமர்சகர்கள் வாக்குப் போட்டிருக்கிறார்கள். எது சரி? “உணரணும், விளக்க முடியாது” வகைப் பதில்கள் வேண்டாம். எந்தக் காட்சியில் எதைப் பார்க்கணும் என்று சொல்லுங்க.

இன்னொன்று, வாயசைவும் பேச்சும் பல இடங்களில் ஒட்டவில்லை. பிரிண்ட் கோளாறா?

மூன்றாம்ரீல்:

கூச்சல் உண்மைதான். 1960 மே மாதத் திரையிடலில் ஷாட் நீளும்போது “கட்! கட்!” என்று அரங்கத்திலிருந்து கத்தினார்கள். ஆனால் மனம் மாற இரண்டு வருஷம் ஆகவில்லை. மறுநாளே இயக்குநர் ரோஸ்ஸெலினி உள்ளிட்ட பலர் படத்தை ஆதரித்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். விழாவின் முதல் பரிசான தங்கப் பனை ஃபெல்லினியின் ‘லா டோல்ச்சே வீட்டா’வுக்குப் போயிற்று, இதற்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது.

தீவுக் காட்சிகளுக்கு வருவோம். லிஸ்கா பியாங்கா, சிசிலிக்கு வடக்கே எயோலியன் தீவுகளில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே அவள் கிடைப்பாளா என்று காத்துக்கொண்டிருந்தால் சலிப்புதான் மிஞ்சும். யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று பாருங்கள். இருவர் ஒரே ஃபிரேமில் இருந்தாலும் ஒருவர் முகம் நம் பக்கம், மற்றவர் முகம் கடல் பக்கம். ஆள் நடந்து ஃபிரேமைவிட்டு வெளியே போன பிறகும் ஷாட் உடனே வெட்டுப்படாது. வெறும் பாறை சில நொடி அப்படியே நிற்கும். மற்ற படங்களில் எடிட்டர் முதலில் கழிப்பது இந்த வாலைத்தான். இங்கே அந்தோனியோனி அதை விட்டுவைத்து, ஆள் போன பிறகு இடம் எப்படியிருக்கும் என்று நம் கண்ணைப் பழக்குகிறார். அன்னா மறைவதும் ஒரு டிசால்வில்தான். சாண்ட்ரோவோடு வாக்குவாதம், காட்சி கரைகிறது, அவ்வளவே. அது கடைசிப் பார்வை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்தது, அன்னாவின் சட்டை. படகிலேயே அவள் அதைக் கிளவ்தியாவுக்குக் கொடுத்துவிடுகிறாள். மறுநாள் தேட வரும் அப்பா, மகளின் சட்டையில் கிளவ்தியா நிற்பதைப் பார்க்கிறார். அன்னாவின் இடத்தை இன்னொருத்தி எடுத்துக்கொள்ளப்போகிறாள் என்பதை வசனமே இல்லாமல், காதல் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். தூரத்தில் ஒரு படகு மோட்டார் சத்தமும் கேட்கும். துப்பறியும் கதைக்கான நூல் மாதிரித் தெரியும். இழுத்தால் ஒன்றும் வராது.

பின்பாதியில் ஒரு ஷாட்டைக் கட்டாயம் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஆளே இல்லாத ஊருக்கு இருவரும் காரில் வருகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். கேமரா ஒரு சந்துக்குள் இருந்து மெல்ல முன்னே நகர்கிறது. யாருடைய பார்வை அது? அன்னாதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவள் இல்லை என்று நம்புவதற்கும் மனசு வராது. அந்த ஒரு நகர்வுக்காகத்தான் விடையை மறைத்து வைத்தது. சொல்லியிருந்தால் இந்த ஷாட் வெறும் தெருவாகப் போயிருக்கும்.

ரேழி:

கேமரா நுட்பம் இருக்கிறது, சரி. அதனாலேயே படம் நல்ல படமாகிவிடுமா?

நோத்தோ ஊரில் மை கொட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்ட்ரோ கட்டடக் கலைஞன். வடிவமைப்பதை விட்டுவிட்டு, அடுத்தவர் திட்டங்களுக்குச் செலவு மதிப்பீடு போட்டுப் பணம் பண்ணுகிறவன். இதைத் தேவாலயக் கூரையில் நின்று அவனே கிளவ்தியாவிடம் சொல்லிவிடுகிறான். பிறகு ஓர் இளைஞன் வரைந்துகொண்டிருக்கும் படத்தின்மேல் வேண்டுமென்றே மையைத் தட்டிவிடுகிறான். நன்னூல்காரர் இதைக் கூறியது கூறல் என்று குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறார். மௌனத்தின் மேதை என்று கொண்டாடப்படுகிறவர் ஒரே சேதியை வாயாலும் சொல்லி, கையாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரயிலில் வரும் இளம் ஜோடியைப் பாருங்கள். அந்தப் பையனும் பெண்ணும் பேசுவது சாண்ட்ரோவும் கிளவ்தியாவும் ஒட்டுக்கேட்டுச் சிரிப்பதற்காக மட்டுமே. உழைக்கிற ஆட்கள் இந்தப் படத்தில் ஒன்று வேடிக்கை, அல்லது முறைத்துப் பார்க்கும் கூட்டம். பணக்காரர் சலிப்புக்கு மட்டும் முழு ஷாட் கிடைக்கிறது. இதைத்தான் அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் 1963இல் ஒரு கட்டுரையில் கிண்டலடித்தார். இன்னொரு அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அந்தோனியோனி பெயரோடு ‘சலிப்பு’ என்ற சொல்லை ஒட்டி ஒரு புதுச் சொல்லே செய்தார். ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மன்கூட, அந்தோனியோனி படங்களில் ‘ப்ளோ-அப்’, ‘லா நோத்தே’ இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அலுப்பு என்றவர்தான்.

நேரத்தை எப்படிக் கையாளணும் என்று அந்தோனியோனிக்குத் தெரியாமல் இல்லை. ‘லெக்லீசே’யில் (1962) ரோம் பங்குச் சந்தைக் காட்சி இருக்கிறது. செத்துப்போன ஒரு தரகருக்காக ஒரு நிமிட மௌனம். இரைச்சல் சட்டென்று நிற்கிறது, யாரும் எடுக்காத தொலைபேசிகள் மட்டும் அடிக்கின்றன. இங்கே ஒரு நிமிஷம் கோடிக்கணக்கில் போகும் என்று நாயகன் கிசுகிசுக்கிறான். நிமிடம் முடிந்ததும் மறுபடி சந்தைக் கூச்சல். நீளம் ஏன் என்ற கேள்விக்கு அந்தக் காட்சிக்குள்ளேயே பதில் இருக்கிறது. லிஸ்கா பியாங்காவில் அப்படி ஒரு பதிலைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம்ரீல்:

ஒரு திருத்தம். கேல் அந்தக் கட்டுரையில் வறுத்தெடுத்தது ‘லா நோத்தே’, ‘லா டோல்ச்சே வீட்டா’, ‘மரியன்பாடில் கடந்த ஆண்டு’ ஆகிய மூன்றையும்தான். ‘லவ்வெந்தூரா’வை அவர் பாராட்டியவர். அதற்கும் இந்த மூன்றுக்கும் நடுவே அவர் கண்ட வித்தியாசமே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கும். மை காட்சி பற்றி நீங்கள் சொன்னது சரி, அந்தக் காட்சியை நான் ஆதரித்துப் பேசப்போவதில்லை.

ஒலிப்பட்டை:

வாயசைவு: கோளாறு இல்லை. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் பேச்சைப் பெரும்பாலும் பிறகு ஸ்டுடியோவில்தான் சேர்ப்பார்கள். ஃபெல்லினி படப்பிடிப்பில் நடிகர்களை வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது வழக்கம். கிளவ்தியாவாக நடித்த மோனிகா விட்டியே அந்தோனியோனியின் ‘இல் கிரீதோ’வில் இன்னொரு நடிகைக்குக் குரல் கொடுத்தவர். கதாநாயகிக்கு வேறொருவர் குரல் என்பது தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்குப் புதுசா என்ன? ஆனால் பேச்சு படம் முழுக்க ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் அது உங்கள் கருவியின் தாமதம். கதவு சாத்தும் இடத்தில் சோதியுங்கள். கதவுச் சத்தமும் விலகினால் ஆடியோ டிலேயைச் சரிசெய்யணும், பேச்சு மட்டும் விலகினால் டப்பிங்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். சுமார் 137 நிமிஷத்தில் முடிந்தால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டிய பழைய ஐரோப்பிய டிவிடியாக இருக்கும். 4 சதவீத வேகம், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். நீள ஷாட்டை நம்பிய படத்துக்கு இது நல்லதல்ல. நொடிக்கு 24 ஃபிரேமிலேயே ஓடும் ப்ளூரே எடுங்கள்.

டிவியில் மூன்று வேலை. ஃபிரேம்களுக்கு நடுவே போலி ஃபிரேம் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கணும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், மெனுவில் ‘மோஷன்’ என்று தேடுங்கள். பட அமைப்பில் ‘விவிட்’டை விட்டு ‘சினிமா’ மோடுக்குப் போங்கள். சாம்பல் பாறை, சாம்பல் வானம் இரண்டுக்கும் நடுவே நூல் இழை வித்தியாசம்தான் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் பாறை கறுத்து, தூரத்தில் நிற்கும் ஆளையே விழுங்கிவிடும். ஒலி மோனோ (ஒரே தடம்), அதனால் போலி சரவுண்டை நிறுத்துங்கள். ஜொவான்னி ஃபூஸ்கோவின் இசை சிக்கனமாகத்தான் வரும், தீவில் அலையும் காற்றும்தான் பேசும். கைபேசி ஸ்பீக்கரில் அந்த அடிச்சத்தம் இருக்காது. பாதிப் பேருக்குச் சலிப்பு வருவது அங்கேதான் என்பது என் சந்தேகம்.

பத்துக்குப்பத்து:

வாக்கெடுப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்துவது அது. ஒருவருக்குப் பத்துப் படம், வரிசை கிடையாது, பத்துக்கும் ஒரே மதிப்பு. எல்லோர் மனசிலும் பதினோராவதாக இருக்கும் படத்துக்குப் பூஜ்யம்தான். ‘லவ்வெந்தூரா’ 1962இல் இரண்டாவது, 1972இல் ஐந்தாவது, 1992இல் முதல் பத்தில் இல்லை, 2022இல் 72ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டது. வாக்களித்தவர்கள் 2012இல் 846, 2022இல் 1,639. ஆள் கூடக்கூட வாக்கு சிதறும். அதனால் இடம் இறங்கியதை வைத்து மட்டும் படம் மங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. அதே கணக்கில், 1962இன் இரண்டாம் இடமும் தரச் சான்றிதழ் ஆகாது.

இடைவேளை:

சட்டை விஷயத்தைக் கவனிக்கவே இல்லை, மறுபடி பார்க்கிறேன். ரேழி கேட்ட மாதிரி, நீளத்துக்கான காரணம் படத்துக்குள்ளேயே தெரிகிற இன்னொரு படம் சொல்லுங்களேன்.

ரேழி:

ஷாந்தால் அகர்மானின் ‘ஜான் தீல்மான்’ (1975). 2022 வாக்கெடுப்பில் முதலிடம் வந்தது அதுதான். 201 நிமிஷம். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவையின் மூன்று நாள், நகராத கேமரா. முதல் நாள் ஒவ்வொரு அறையைவிட்டுப் போகும்போதும் விளக்கை அணைக்கிறாள். சாப்பாட்டு மேசையில் இருக்கும் சூப்புப் பாத்திரத்தில் பணத்தைப் போட்டு மூடுகிறாள். உருளைக்கிழங்கு சரியாக வேகிறது. இரண்டாம் நாள் கிழங்கு அடுப்பிலேயே குழைந்துபோகிறது, பாத்திரத்தை மூட மறக்கிறாள். முதல் நாளை ஓட்டிவிட்டுப் பார்க்கிறவருக்கு அது வெறும் மூடி. முழுசாக உட்கார்ந்தவருக்கு அடுத்து என்ன விழப்போகிறதோ என்று வயிறு கலங்கும்.

ஒரே மூச்சில் முடியாது என்றால், முதல் நாள் முடிந்தது என்று எழுத்து வரும் இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் வேண்டாம்.