லிலோங்வே – லிவிங்ஸ்டோனியா: வேன் மேலே ஏறுமா?

வடக்குப்பயணி: ஜூலையில் மலாவியின் வடக்கே கிராமத்துக் கிறிஸ்தவத் திருச்சபைகளைப் பார்க்க 11 பேர் கிளம்புகிறோம். ஒரு லேண்ட் க்ரூஸர், ஒரு ஹையேஸ் வேன். லிலோங்வேயிலிருந்து முசூசு, சிட்டிம்பா, பிறகு மலைமேல் இருக்கும் லிவிங்ஸ்டோனியா. சிட்டிம்பாவிலிருந்து மேலே போகும் கோரோடி மலைப்பாதையில் வேன் ஏறுமா? டீசல் எவ்வளவு ஆகும்? சபைகளுக்கு என்ன கொண்டு போகலாம்?

சரளைக்கல்: வேன் அந்தப் பக்கம் வேண்டாம். தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வேனுக்குப் பின்சக்கர இழுவை மட்டும். வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, சரளையில் சும்மா சுற்றும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் கருகிவிடும். வேன் ரும்பி வழியாகச் சுற்றி வரட்டும். அதுவும் மண் பாதைதான், ஆனால் ஏற்றம் நிதானம். ஜூலையில் மழை கிடையாது என்பதால்தான் இதையும் சொல்கிறேன்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. லேண்ட் க்ரூஸரில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியர் நிலை), முதல் கியர், காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை போகும். கூரை கேரியரில் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் ஏற்றாதீர்கள். கனமானதெல்லாம் உள்ளே, தரையோடு இருக்கட்டும்.

மண் பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 40-லிருந்து 30 பிஎஸ்ஐக்குக் குறையுங்கள். தார் ரோடு வந்ததும் ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். சின்ன கம்ப்ரஸர் ஒன்று கட்டாயம். அன்றன்று மாலை கேரியர் போல்ட், பேட்டரி கிளாம்ப் இரண்டையும் முறுக்கிப் பாருங்கள். அதிர்வில் முதலில் கழல்வது இவைதான்.

அரைடேங்க்: போய்வர சுமார் 1000, கிராமங்களுக்குள் 150 கிலோமீட்டர் என்று வையுங்கள். லோடோடு லேண்ட் க்ரூஸர் 100-க்கு 14 லிட்டர் குடித்தால் 160 லிட்டர். பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள், குறிப்பாக முசூசுவில். எச்சரிக்கை முக்கோணம் வண்டிக்கு இரண்டு. ஊருக்குள் 50-ஐத் தாண்டாதீர்கள், ரேடாரோடு போலீஸ் நிற்பார்கள்.

வடக்குப்பயணி: நன்றி. கேனில் டீசல் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அரைடேங்க்: தட்டுப்பாடு வந்தால் கேனில் ஊற்றத் தடை போடுவார்கள். லிலோங்வேயிலேயே இரண்டு 20 லிட்டர் இரும்புக் கேன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மூப்பர்பெஞ்சு: அங்கே ஒரு போதகரின் கீழ் பல ஜெப வீடுகள் இருக்கும், பெரும்பாலான ஞாயிறுகளில் ஆராதனை நடத்துபவர்கள் மூப்பர்கள்தான். அதனால் போதகருக்கு மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடாதீர்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போனால் கோழி அடித்து சீமா (மக்காச்சோள மாவுக் களி) கிளறுவார்கள், ஆள் கூடினால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் குறையும்.

பொருளை ஆளாளுக்குத் தனியாகக் கையில் கொடுப்பது சண்டையில் முடியும். எதுவானாலும் மூப்பர் குழுவிடம், எல்லோர் முன்னிலையிலும். அந்தப் பக்கத்து மொழியான தும்புக்காவில் வேதாகமம் என்றால் எப்போதும் உதவும். காணிக்கை ஒரே தடவையோடு முடியாது, ஆடிக்கொண்டே பலமுறை முன்னால் போவார்கள். சில்லறை க்வாச்சா நோட்டு நிறைய வைத்திருங்கள். பெண்கள் இடுப்பில் சிட்டென்ஜே துணி சுற்றிக் கட்டிக்கொண்டால் மரியாதை. ஒரு நாளுக்கு இரண்டு சபைக்கு மேல் போட்டால் கடைசிச் சபை இருட்டில்தான். ஸ்வெட்டரும் எடுங்கள், ஜூலையில் மேலே ராத்திரி குளிரும்.