மறுமொழி: அகச்செருகி, புறச்செருகி – என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் சிறு மென்பொருளைப் பிளகின் என்கிறார்கள், நாம் செருகி என்கிறோம். மென்பொருளோடு கூடவே வருவதை வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் "ஸ்டாக் பிளகின்" என்கிறார்கள். அதற்கு அகச்செருகி, தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்குப் புறச்செருகி என்று போன வாரம் எழுதியிருந்தேன். அகம், புறம் என்ற இணை தமிழ்க் காதுக்கு உடனே பிடித்துவிடும். எனக்கும் அப்படித்தான் பிடித்தது, உங்களில் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒலிப்பதிவு மென்பொருள் கையேட்டின் செருகிப் பகுதியை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது பக்கத்துக்குப் பக்கம் அந்த இணை உடைந்துபோயிற்று. ஏன் என்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். சொல் பிழைத்தால் பின்னால் பயனர்தான் அல்லாடுவார்.

முதலில் ஆல்கெமி. கேமல் ஆடியோ என்ற நிறுவனம் செய்து விற்ற மென்வாத்தியம் (கணினிக்குள்ளேயே வாசிக்கும் வாத்தியம்) அது. 2015-இல் அந்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அதே ஆண்டு ஆல்கெமி ஆப்பிளின் லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்ந்து வந்துவிட்டது. நேற்றுவரை புறம், இன்று அகம் என்றாகிறது. இதையாவது காலத்தோடு மாறியது என்று சமாளிக்கலாம். அடுத்ததைப் பாருங்கள்.

சுருதி திருத்தப் பலரும் பயன்படுத்தும் மெலொடைனைச் செய்வது செலிமோனி நிறுவனம். ஸ்டுடியோ ஒன் மென்பொருளின் புரொஃபஷனல் பதிப்பை வாங்கியவர்களுக்கு மெலொடைனின் எசென்ஷியல் பதிப்பு சேர்ந்தே கிடைத்தது. செய்தவர் வேறு, ஆனால் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதை அகம் என்பதா, புறம் என்பதா?

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைச் சீராக்குவது), ரியாகாம்ப் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஸ்ஸர்) இரண்டும் இதற்கு நேர்மாறு. ரீப்பர் வைத்திருப்பவருக்கு அவை கூடவே வந்தவை. அவற்றையே விண்டோஸ் கணினியில் தனியாக இறக்கி வேறு மென்பொருளிலும் திறக்கலாம், காசு கிடையாது. ஒரே பொருள், நாம் எந்த வீட்டில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மேக்கில் இன்னும் ஒரு வகை உண்டு. எதிரொலி சேர்க்கும் ஏயூடிலே போன்றவை இயங்குதளத்தோடேயே வருகின்றன. ரீப்பரை மேக்கில் திறந்தால் அவையும் பட்டியலில் நிற்கும். ரீப்பர் செய்தவர்கள் செய்ததல்ல, நீங்கள் தேடிப்போய்ப் போட்டதும் அல்ல.

ஆக, ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகளை நான் திணித்திருக்கிறேன். இந்தச் செருகி எப்படி வந்தது என்பது ஒன்று. யார் செய்தது என்பது இன்னொன்று. மூலச்சொற்களிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது: பண்டில்டு (கூடவே கட்டித் தந்தது) என்பது வந்த வழியைச் சொல்கிறது, தேர்ட் பார்ட்டி (மூன்றாம் தரப்பு) என்பது செய்தவரைச் சொல்கிறது. எதிரெதிர்ச் சொற்கள் போல அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகிவிட்டார்கள். நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அதே குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

என் புதிய முன்மொழிவு இதுதான். வந்த வழிக்கு உடன்வரு செருகி, தனிவரு செருகி. செய்தவருக்குச் சொந்தச் செருகி, அயல் செருகி. மெலொடைன் ஸ்டுடியோ ஒன்னில் இருந்தால் அது உடன்வரு அயல் செருகி. முட்டல் இல்லை.

உடன்வரு என்பது வினைத்தொகை. உடன்வந்த, உடன்வருகிற, உடன்வரும் என மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. ஆல்கெமி போல இடையில் வந்து சேர்ந்ததற்கும் பொருந்தும், அடுத்த பதிப்பில் வரப்போவதற்கும் பொருந்தும். பிளகினுக்கு வழங்கும் செருகுநிரல் என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான். செருகுநிரலா, செருகியா என்ற பழைய சண்டையை நான் இழுக்கவில்லை. கட்டுரையில் செருகுநிரல் என்றே எழுதலாம். பட்டியலிலும் பொத்தானிலும் இடம் போதாது, அங்கே செருகி போதும்.

இனி வந்த கேள்விகள்.

> மூன்றாம் தரப்பு என்பது எல்லாருக்கும் பழகிவிட்டதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

பழகியது உண்மை. ஒப்பந்தம், உரிமம் எழுதும் இடங்களில் அது இருக்கட்டும். விற்பவர் ஒரு தரப்பு, வாங்குபவர் ஒரு தரப்பு, அப்புறம் மூன்றாமவர் என்று அங்கே எண்ணிக்கைக்குக் கணக்கு இருக்கிறது. பாட்டுக்கு ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற முழக்கம்) தேடுகிறவர் யாரையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மேலும் நம் பேச்சில் "மூணாம் மனுஷன்" என்றால் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாதவர் என்று அர்த்தம். ஒலிப்பதிவில் அப்படிக் கிடையாது. 1996-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் ஒலிப்பதிவு மென்பொருளோடு விஎஸ்டி என்ற செருகி முறையைக் கொண்டுவந்து, அதன் விவரத்தை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்தது. வெளியார் உள்ளே வந்து செருக வேண்டும் என்பதே நோக்கம். அப்படிக் கூப்பிட்டு உட்காரவைத்தவரை மூன்றாமவர் என்று தள்ளி வைக்க எனக்கு மனமில்லை.

> அயல் என்றால் வெளிநாட்டில் செய்தது என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான அச்சம். அயல்நாடு, அயலுறவு என்று செய்தித்தாளில் படித்துப் படித்து நமக்கு அந்தப் பொருள்தான் முன்னால் வருகிறது. ஆனால் அயல் என்பதற்குப் பக்கம், அண்டை என்ற பொருளும் உண்டு. அயலார் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும்தான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் அயலவர், அயலட்டை என்று இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். வீட்டுக்காரரும் இல்லை, விரோதியும் இல்லை. செருகிக்கு இதைவிடப் பொருத்தமான உறவுமுறை எனக்குத் தோன்றவில்லை.

> உடன்வருவதற்கு "இலவச இணைப்பு" என்று பத்திரிகைகள் போல் வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். உடன்வருவது இலவசம் இல்லை, மென்பொருளின் விலைக்குள் அதன் விலையும் இருக்கிறது. தனியாகத் தேடிப் போடுவதெல்லாம் காசு கொடுத்து வாங்குவதும் இல்லை. டிராகன்ஃபிளை ரிவெர்ப், சர்ஜ் என்ற மென்வாத்தியம் இரண்டும் மூலநிரலோடு இலவசமாகவே கிடைக்கின்றன. கூடவே வந்தது சும்மா கிடைத்தது, அதனால் மட்டம் என்ற எண்ணம் வீட்டுப் பதிவுக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. லாஜிக்கின் ஸ்பேஸ் டிசைனர் ரிவெர்பையோ ரீப்பரின் ரியாஈக்யூவையோ ஒழுங்காகப் பழகியவர் அப்படிச் சொல்ல மாட்டார். நம் சொல் அந்த எண்ணத்துக்குத் துணை போகக் கூடாது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். தேவை என்று நான் சொல்வதற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் அத்தை பாடிய எட்டுத் தாலாட்டுகளைப் படுக்கையறையில் பாயைச் சுவரோரம் நிறுத்தி வைத்துப் பதிவு செய்தேன். குரலுக்கு ஒரு சிறிய நிறுவனத்தின் ரிவெர்பைப் போட்டு, கோயில் மண்டபத்தில் பாடுவது போல அமைப்பதற்கு ஒரு வாரம் உட்கார்ந்தேன். புதுக் கணினி வாங்கி அந்தக் கோப்புகளைத் திறந்தபோது ரிவெர்ப் இல்லை. செய்தவர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள், உரிமத்தைச் சரிபார்க்கும் தளமும் போய்விட்டது. குரல் பத்திரமாக இருந்தது. ஆனால் அத்தை கேட்டு "இதுதான், இதுதான்" என்று சொன்ன அந்த ஒலி வரவில்லை. திரையில் வந்த எச்சரிக்கையோ ஒரு கோப்புப் பெயரும் ஒரு எண்ணும்தான். யாரைக் கேட்பது, எதைத் தேடுவது என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அதே பாடல்களில் மென்பொருளோடு வந்த கம்ப்ரெஸ்ஸர் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி திறந்தது. அதற்காக உடன்வருவதே நல்லது என்று நான் சொல்லவில்லை. லாஜிக்கோடு வரும் செருகிகளை ஆப்பிள் அல்லாத பிறர் செய்த மென்பொருளில் திறக்கவே முடியாது. நாளைக்கு அப்படி ஒரு மென்பொருளுக்கு மாறினால் அவை அங்கேயே நின்றுவிடும். தனிவரு செருகியோ, அந்த மென்பொருளுக்கான வடிவத்திலும் செய்திருந்தால் கூடவே வரும். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆடியோ யூனிட் என்ற வடிவத்தை மட்டும் ஏற்கும், புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஏஏஎக்ஸ் என்ற வடிவத்தை மட்டும் ஏற்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆபத்து உண்டு. அது எந்த ஆபத்து என்பதைச் சொல் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கையேட்டிலும் திரையிலும் நான் மாற்றியிருக்கும் வரிகளில் இரண்டை மட்டும் தருகிறேன்:

"இந்தப் பாடலில் பயன்படுத்திய 2 தனிவரு செருகிகள் இந்தக் கணினியில் இல்லை. அவற்றை நிறுவிவிட்டு மீண்டும் திறக்கவும்."

"இது அயல் செருகி. கோளாறு இருந்தால் இதைச் செய்தவர்களைத் தொடர்புகொள்ளவும்."

முதல் வரியில் அயல் என்று போட்டிருந்தால் பிழை, ஏனென்றால் உடன்வரு அயல் செருகி கணினியில் இருக்கும். இரண்டாவதில் தனிவரு என்று போட்டிருந்தாலும் பிழை, ஏனென்றால் உடன்வந்ததையும் வேறொருவர் செய்திருக்கலாம். அகம், புறம் வைத்திருந்தால் இரண்டு வரியும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கும்.

புணர்ச்சி பற்றி ஐயா ஒருவர் எழுதியிருந்தார்: அயல் என்பதோடு செருகி சேர்ந்தால் அயற்செருகி என்றுதான் வர வேண்டும். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. முதல்முறை பார்க்கிறவருக்கு இரண்டு சொல்லும் தனித்தனியாகத் தெரியட்டும் என்று திரையில் மட்டும் இடைவெளி விட்டிருக்கிறேன். அங்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கள் காலை கோப்பில் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
கையேட்டுப் பணியிலிருந்து