வாசல் வேம்பு

குழு: தோட்டத்து வீட்டு உறவுகள்

மரகதம் அத்தை, காலை 6:42
வாசல் வேம்பு கருகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். அப்பாரு நட்ட மரம். விடிந்ததும் அதைத்தான் பார்த்து நிற்கிறேன்.

கார்த்தி, 6:50
செல்போன் கோபுரம்தான் காரணமாம், அத்தை. இன்னொரு குழுவில் வந்தது.

சின்ன மாமா, 6:53
கோபுரம் வந்து பத்து வருடமாகிறது. மரம் இந்தக் கார்த்திகையில்தானே கருகியது?

பொள்ளாச்சி செந்தில், 7:10
மழைக்காலத்தில் வேம்புக்கு நுனிக்கருகல் வரும், அத்தை. தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி, பெயர்தான் கொசு. கொழுந்தில் சாறு உறிஞ்சும். பூஞ்சணமும் சேர்ந்துகொண்டால் மரமே தீய்ந்தாற்போல் நிற்கும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் துளிர்த்துவிடும்.
மரம் முழுவதும் அப்படியா?

மரகதம் அத்தை, 7:14
கிழக்குப் பக்கம் மட்டும், சாமி. மேற்கே பச்சையாக இருக்கிறது. கிழக்கே இருக்கிற முருங்கையும் கொய்யாவும்கூட வெளுத்துவிட்டன.

பொள்ளாச்சி செந்தில், 7:16
அப்படியென்றால் சந்தேகம் வேறு. நுனிக்கருகல் என்றால் பெரும்பாலும் இப்படி ஒரே திசையில் மட்டும் வராது. கிழக்கே மண்ணை ஏதாவது செய்தீர்களா?

மரகதம் அத்தை, 7:21
ஆடியில் பொக்லைன் வைத்துக் குழாய்க்குக் குழி பறித்தார்கள். அப்புறம் சிமெண்ட் கல் பதித்தோம்.
மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர் வந்தது. காயவைத்துப் பொங்கப்பானைக்கு விறகாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கார்த்தி, 7:22
😶

பொள்ளாச்சி செந்தில், 7:30
அந்த வேர்தான் அந்தக் கிளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது. மிச்ச வேர் மூச்சுவிடவும் கல் இடம் தரவில்லை.
நான் சிரிக்கவில்லை, அத்தை. என் தோப்பில் நேர்மாறாக ஏமாந்தேன். தென்னை ஓலைகள் விலா எலும்பு போல் உள்ளே வளைந்தன. தண்ணீர் போதவில்லை என்று ஒரு வருடம் பாய்ச்சிக்கொண்டே இருந்தேன். வந்திருந்தது வேர் வாடல் நோய். 1882இல் கேரளத்து ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டது. கண்ணாடி இறக்கைப் பூச்சி பரப்புகிறது. குணமாக்க மருந்து இல்லை. வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரங்களை வெட்டினோம்.

மரகதம் அத்தை, 7:33
நம் வேம்பு பிழைக்குமா?

பொள்ளாச்சி செந்தில், 7:38
மேற்கு வேர் இருக்கிறது, பிழைக்க வாய்ப்புண்டு. உரம் போடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். மழை விட்டதும் பட்ட கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் கிளை நிழல் விழும் ஓரத்தில் விடுங்கள். முதலில் தூரைச் சுற்றி நான்கடிக்காவது கல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

மரகதம் அத்தை, 7:40
கல்லையா? போன மாதம்தான் கூலி கொடுத்தோம். உங்கள் மாமாவிடம் இதை யார் சொல்வது? நீயே கூப்பிட்டுச் சொல், கண்ணு.

பெரிய மாமா, 7:41
நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரிய மாமா, 7:49
நான்கடி போதுமா, ஐந்தடி எடுக்கவா?