புதுப்பிப்பு: பத்தமடைக் கணினியில் தளம் திறந்துவிட்டது

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் என் அத்தையின் இணையதளம் அவருடைய கடைக் கணினியில் மட்டும் திறக்கவில்லை, அதே வைஃபையில் கைபேசியில் திறக்கிறது என்று எழுதியிருந்தேன். பிரவுசரை மாற்றியும் பயனில்லை.

நேற்று காரணம் பிடிபட்டது. தளத்தின் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் என்எஸ்லுக்அப் கட்டளை சரியான ஐபி முகவரியை, அதாவது தளம் இருக்கும் சர்வரின் எண் முகவரியை, காட்டியது. சர்வரோடு தொடர்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை வேறொன்றைக் காட்டியது. அங்கேதான் துப்பு கிடைத்தது. பிரவுசரைப் போலவே பிங்கும் முதலில் கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும்; எந்தத் தளத்துக்கு எந்த முகவரி என்று நாமே எழுதிவைக்கக்கூடிய கோப்பு அது. என்எஸ்லுக்அப் அதைத் தொடாமல், தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நேரே கேட்கும். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து அந்தக் கோப்பைப் பார்த்தேன். கடைசி வரியில் பழைய சர்வரின் முகவரி! தளத்தை உருவாக்கியபோது சோதனைக்கு எழுதியதை அழிக்காமலே விட்டிருக்கிறார்கள்.

வரியை நீக்கிச் சேமித்தேன். பாய்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்திருக்கிறதா என்றுதான் அத்தை முதலில் பார்த்தார்.