1024-க்கு மேல் ஏற மறுக்கும் திரை (லினக்ஸ் மின்ட்)

தேன்கூடு:
வணக்கம். போன வாரம் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் படுத்துகிறது. மானிட்டர் 1920x1080 புள்ளிகள். டிஸ்ப்ளே அமைப்பில் 1024x768-தான் உச்சம், அதற்குக் கீழே 800x600, 640x480 என்று இறங்குமுகம். நான் கணக்குப் பாடத்துக்கு வடிவியல் படங்கள் வரைந்து கொடுப்பவள். வட்டம் போட்டால் முட்டை வருகிறது! ஸ்கேலைத் திரையில் வைத்தே அளந்தேன்: உயரம் 9 செ.மீ., அகலம் 12.

விண்டோஸில் இதே மானிட்டர் ஒழுங்காக இருந்தது. மின்ட் போட்ட அன்று மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, எட்டவில்லை என்று பெட்டியில் கிடந்த நீளமான விஜிஏ (மானிட்டரைக் கணினியோடு இணைக்கும்) கேபிளை மாட்டினேன், அவ்வளவுதான். லினக்ஸுக்கு இந்த மானிட்டர் ஆகாதா?

முனையவாசி:
ஆகும். மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் திரையைக் காட்டும் அடிப்படை வழக்கமாக எக்ஸ்11-தான், அதனால் திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளை கைகொடுக்கும் (எக்ஸ்11-க்கு மாற்றான வேலண்டில் இது பலிக்காது). டெர்மினலில் வெறும் எக்ஸ்ரேண்டர் என்று தட்டி, கனெக்டெட் என்று காட்டும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விஜிஏ-1 என்று இருக்கலாம்.

அப்புறம் 'சிவிடி 1920 1080 60' தட்டினால் (60 என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்பது) மோட்லைன் என்று தொடங்கும் நீள வரி வரும். அதில் மேற்கோளுக்குள் ஒரு பெயர், அதன்பின் 173.00 என்று ஆரம்பித்து எண்களாக ஓடும். மோட்லைன் என்ற சொல்லை விட்டுவிட்டு, மீதியை 'எக்ஸ்ரேண்டர் --நியூமோட்' பின்னால் ஒட்டுங்கள். அடுத்து --ஆட்மோட் போட்டு விஜிஏ-1-இல் அந்தப் பெயரைச் சேருங்கள். கடைசியாக --அவுட்புட், --மோட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் திரை மாறிவிடும். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், விஜிஏ மட்டும் திரையில் காட்டியபடியே.

தேன்கூடு:
வட்டம் வட்டமாகிவிட்டது, நன்றி! ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி முட்டை. இன்னொரு கூத்து: 60-க்குப் பதில் 75 போட்டால் என்ன என்று ஆசைப்பட்டேன். திரை கறுத்து, நடுவில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு பெட்டி மட்டும் மிதந்தது. பவர் பட்டனை அமுக்கித்தான் மீண்டேன்.

முனையவாசி:
எக்ஸ்ரேண்டர் செய்வது அந்த அமர்வோடு போய்விடும். மூன்று வரிகளையும் ஹோம் கோப்புறையில் .எக்ஸ்புரொஃபைல் என்ற கோப்பில் போட்டுவிட்டால் உள்நுழையும்போதெல்லாம் தானே ஓடும்.

பழையபெட்டி:
அந்தக் கோப்பைத் தொடும் முன் கொஞ்சம் பொறுங்கள். நீளக் கேபிள் மாட்டியதாக முதல் பதிவிலேயே சொல்லிவிட்டீர்களே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

மானிட்டர் தனக்கு எந்தெந்த ரெசல்யூஷன் ஒத்துவரும் என்பதை இடிஐடி என்ற 128 பைட் குறிப்பாகக் கணினிக்குச் சொல்லும். விஜிஏவில் அது போவது 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாக. நிறம் வேறு ஊசிகளில் போவதால் படம் தெரியும், குறிப்பு மட்டும் வராது. குறிப்பு வராவிட்டால் லினக்ஸின் மையமான கர்னல் 1024x768 வரைக்கும்தான் துணிந்து கொடுக்கும். உங்கள் உச்சம் அச்சு அசலாக அதே எண்.

கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. நடுவரிசையில் ஒன்று இல்லாவிட்டால் கவலை வேண்டாம், 9-ஆம் ஊசியைப் பல கேபிள்களில் வைப்பதே இல்லை. குறுகிய பக்கத்து வரிசைதான் முக்கியம்: 11 முதல் 15 வரை. அதில் ஓட்டை இருந்தால் அதுதான் ஆள்.

டெர்மினலிலும் உறுதி செய்யலாம். சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்று கோப்புறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போனால் விஜிஏ-1 என்று முடியும் கோப்புறை இருக்கும். அதிலுள்ள இடிஐடி கோப்பை 'டபிள்யூசி -சி' போட்டு எத்தனை பைட் என்று எண்ணுங்கள். (கோப்புப் பட்டியலில் காட்டும் அளவை நம்ப வேண்டாம், அது எப்போதும் 0 என்றே சொல்லும்.) எண்ணியும் 0 வந்தால் குறிப்பு வந்து சேரவில்லை.

75-ஐச் சோதிக்க இனி பவர் பட்டன் வேண்டாம். மோட் மாற்றும் கட்டளைக்குப் பின் ஓர் அரைப்புள்ளி, ஸ்லீப் 15, இன்னோர் அரைப்புள்ளி, பிறகு 1024x768-க்குத் திரும்பும் கட்டளை. எல்லாம் ஒரே வரியில். திரை கறுத்தாலும் 15 நொடியில் தானே திரும்பிவிடும்.

தேன்கூடு:
எண்ணினேன், 0. கேபிளை டார்ச் அடித்துப் பார்த்தேன்: குறுகிய வரிசையில் மூன்றே ஊசி. உடைந்த தடமே இல்லை, செய்யும்போதே வைக்காமல் விட்டிருக்கிறார்கள்!

பழைய கேபிளை மாட்டியதும் எந்தக் கட்டளையும் இல்லாமலே 1920x1080 வந்துவிட்டது. இப்போது எண்ணினால் 128. லினக்ஸைத் திட்டியதற்கு மன்னிப்பு. பழைய கேபிள் ஜன்னல்வரை எட்டாது என்பதால் மேசை மறுபடி சுவரோரம் வந்துவிட்டது.

முனையவாசி:
கேபிளைப் பற்றி நான் கேட்கவே இல்லை, என் தப்பு. .எக்ஸ்புரொஃபைலில் ஏதாவது எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள்.