எலி மருந்தும் எங்கள் மணியும்

எலி மருந்துக்கு நாயைப் பறிகொடுத்ததாக இருவர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நாய் மணி மயிரிழையில் தப்பினான்.

கந்தப்பளையில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் சிறு துண்டில் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். எலிகள் கிழங்கைக் குடையத் தொடங்கியதும் அண்ணன் நீல நிறக் கட்டி மருந்தை வாங்கிவந்து வரப்போரம் வைத்தார். நான்காம் நாள் எலிகள் பட்டப்பகலிலேயே தள்ளாடி வெளியே வந்தன. மணி அவற்றைப் பிடித்துத் தின்றான். கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

சில நாட்கள் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) படுத்தவன் எழும்பவில்லை. முன்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது. எங்கோ விழுந்திருப்பான் என்று அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். மாலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மூக்கிலிருந்து சிமெந்துத் தரையில் சொட்டிய இரத்தம் உறையவே இல்லை.

நுவரெலியாவில் மிருக வைத்தியர் முதலில் கேட்டது, "மருந்து உறை இருக்கிறதா?" என்றுதான். நல்லவேளை, அண்ணன் எடுத்து வந்திருந்தார். அதில் இருந்த பெயர் புரோடிஃபக்கூம். இரத்தம் உறைய விற்றமின் கே வேண்டும். உடல் விற்றமின் கே-யை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழியை இது ஈரலில் அடைத்துவிடுகிறதாம். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும், அதை உறையவைக்கும் பொருட்கள் தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. தின்றதும் வலித்தால் எலி மறுபடி அதைத் தொடாது. அதனால்தான் இந்தத் தாமதம் எலியைக் கொல்ல வசதி. அதே தாமதம்தான் எங்களையும் ஏமாற்றியது.

அப்பா இதயத்துக்காக எடுக்கும் வார்ஃபரினும் இதே வகைதான் என்றபோது திகைத்துப்போனோம். 1948இல் அது எலிக்கொல்லியாகவே சந்தைக்கு வந்ததாம். பின்னர் எலிகள் அதைத் தாங்கப் பழகியதால் வந்தவைதான் புரோடிஃபக்கூம் போன்ற கடுமையான மருந்துகள். இவை ஈரலில் மாதக்கணக்கில் தங்கும்.

மணிக்கு விற்றமின் கே1 ஊசி, பிறகு நான்கு வாரம் மாத்திரை. கொழுப்போடு கொடுத்தால்தான் நன்றாகச் சேரும் என்றதால் டின் மீனுக்குள் வைத்து ஊட்டினேன். இடையில் தெம்பாக ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார், நான் விடவில்லை.

கரட் பாத்தியில் முயலுக்கும் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: அவுஸ்திரேலியாவில் பிண்டோன் என்ற இதே வகை நஞ்சை முயலுக்கு வைக்கிறார்கள். நம் லயங்களைச் சுற்றி நாயும் பூனையும் ஆந்தையும் திரிகின்றன. தயவுசெய்து வேண்டாம், வலை கட்டுங்கள்.

மாத்திரை முடிந்து மூன்றாம் நாள், சரியாக உறைகிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்தி எடுத்தபோது ஒரு துளிகூடக் கசியவில்லை.