மறு: திருவிழா வரி – ஏழாம் திருவிழாவுக்கு மெல்லிசையா?

செயலாளர் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்,

வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் என்று வரி போட்ட மடலைப் பார்த்தேன். தருகிறேன். ஆனால் போன வருடக் கணக்கு எங்கே? ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் முடித்தால் அது கணக்கா? பந்தலுக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். கோயில் காரியத்தில் கணக்கு கேட்பது ஊருக்கு மானக்கேடு என்கிறார் பஹ்ரைன் மச்சான். அவருடைய அப்பா பொருளாளராக இருந்தபோது பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று ஒவ்வொரு ரூபாயையும் சத்தமாக வாசிப்பார். அப்போது யாருடைய மானமும் போகவில்லை.

சரி, அதை விடுங்கள். நோட்டீஸ்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குப் போன அக்கா படம் எடுத்து அனுப்பினாள். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் மாதிரியே நவம்பர் 24 கொடியேற்றம், டிசம்பர் 3 தேர்ப்பவனி. நடுவில் நவம்பர் 30, ஏழாம் திருவிழா, அதாவது ஏழாம் நாள், இரவு 9 மணிக்கு ‘மாபெரும் மெல்லிசை’. 2017-இல் ஒக்கி புயல் அடித்த தேதி அது. கீழத்தெருவில் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டு வாசலுக்கு எதிரேதான் மேடை. இத்தனை வருடமும் அன்றைக்குக் கரையில் ஜெபமாலை சொல்லி மெழுகுதிரி வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது என்ன அவசரம்? மேடைச் செலவை ஏற்றவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் முதலில் கீழத்தெருவில் வாங்கிய கடனைக் கொடுக்கட்டும்.

குவைத் சித்தப்பா பழைய திருவிழாவைப் பற்றி எழுதியது உண்மை. அப்போது கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையில் விழுந்த சாளையிலும் நெத்திலியிலும் கோயிலுக்கு ஒரு பங்கு கரையிலேயே ஏலம் போகும். மீன்பாடு எப்படியோ அப்படித்தான் திருவிழா. ஆனி ஆடியில் கடல் முரண்டு பிடித்து அடுப்பு எரியாமல் கிடந்தாலும், ஆவணியில் கணவாய் நன்றாகப் பட்டால் தேர் ஜொலிக்கும். படாத வருடம் பெட்ரோமாக்ஸ்தான், அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. கடல் தராத வருடத்திலும் ஆடம்பரம் வேண்டும் என்ற எண்ணம் நம்முடைய ரியாலும் தினாரும் போன பிறகு வந்தது. கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவன் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறான். கள்ளக்கடல், அதாவது திடீரென்று கடல் பொங்கி வரும் என்ற எச்சரிக்கை வந்தால், சின்ன வள்ளத்தில் போகிறவனுக்கும் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. அக்கா இன்னொன்றும் சொன்னாள்: அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவில் கல் சரிந்து கிடக்கிறதாம், கரைமடி இழுத்த மணலில் பாதி இல்லையாம். அதற்கு மனு எழுத ஆள் இல்லை, மைக்செட்டுக்கு முன்பணம் போய்விட்டது.

மெல்லிசை வேண்டுமென்றால் எட்டாம் திருவிழாவுக்குத் தள்ளுங்கள். ஃபாதரிடம் நானே பேசுகிறேன். ஏழாம் நாளில் என் பணம் ஒரு ரூபாய்கூட ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது.

அப்புறம், மஸ்கட்காரர்கள் கேட்ட முந்திரிக்கொத்தை அக்கா திரும்பி வரும்போது கொண்டு வருகிறாள். போன தடவை மாதிரி பங்கு வைக்கும்போது சண்டை வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு வந்தால் மறுநாளே பணம் அனுப்புகிறேன். வங்கிக் கணக்கு கோயில் பெயரில் இருக்கிறதா, இன்னும் பழைய ஆளின் பெயரிலேயே இருக்கிறதா என்றும் எழுதுங்கள்.